மூன்றரை வருட நியமன உறுப்பினர்: முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் உண்மையில் என்ன செய்தார்?

காவேரிக்கரை:

மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப் போட்டி, சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றி நாலு நிமிடம் பேச வேண்டும். அவளாகவே முத்துலட்சுமி ரெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். எனக்கு அந்தப் பெயர் மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயராகத்தான் பழக்கம், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். அதனால் இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன். படித்த எல்லாவற்றிலும் "முதல், முதல், முதல்" என்றுதான் இருக்கிறது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர். சரி, மறுக்கவில்லை. ஆனால் முதலாவதாகப் போய் உட்கார்ந்தவர் அங்கே என்ன செய்தார் என்று தேடினால் எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "தேவதாசி முறையை ஒழித்தார்."

இங்கேதான் எனக்குக் கணக்கு இடிக்கிறது. அவர் உறுப்பினரானது 1926 கடைசியில், ராஜினாமா செய்தது 1930ல். மூன்றரை வருடம்கூட முழுதாக இருக்காது. பொட்டுக்கட்டுதலை (சிறுமியைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் சடங்கு) தடைசெய்த சட்டமோ 1947ல் வந்தது. இடையில் பதினேழு வருடம். அப்படியானால் அந்தச் சட்டத்தை எப்படி இவர் கணக்கில் எழுதுகிறார்கள்? போதாக்குறைக்கு, அவர் தேர்தலில் ஜெயித்தும் வரவில்லை, அரசு நியமித்த உறுப்பினர். பதிமூன்று முறை தேர்தலில் நின்று பதிமூன்று முறையும் ஜெயித்த கலைஞர் மாதிரி ஆட்கள் இருக்கும்போது இவரை "சிறந்த சட்டமன்ற உறுப்பினர்" என்று சொன்னால் நடுவர் கேட்க மாட்டாரா? மகள் என்னைக் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புகழ்மாலை வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

பழங்கணக்கு:

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "ஒழித்தார்" என்ற சொல்லை விட்டுவிட்டு அதை மூன்று தனித்தனி வேலைகளாகப் பாருங்கள். 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்தது ஒரு தீர்மானம். தீர்மானம் வேறு, மசோதா வேறு, இதைப் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். தீர்மானம் என்றால் "இப்படி ஒரு சட்டம் செய்யுங்கள்" என்று சபை அரசுக்குப் பரிந்துரைப்பது, அவ்வளவுதான். நிறைவேறினாலும் அரசு அதைக் கிடப்பில் போடலாம். கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. ஏற்கெனவே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன, சிறுமியை விபச்சாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று. "அது போதாதா?" என்பது அன்றைக்கு எளிதாகக் கிடைத்த சாக்கு. ஆனால் கோயிலில் பொட்டுக் கட்டுவது சமயச் சடங்காக நடப்பது. அன்றைக்கே "இது அந்த நோக்கத்துக்காகத்தான்" என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது யாரால் முடியும்? அதனால் அந்தப் பிரிவுகள் பெரும்பாலும் காகிதத்தோடு சரி.

இரண்டாவது வேலைதான் என் கணக்கில் முக்கியமானது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. 1929ல் நிறைவேறிய திருத்தச் சட்டம். பனகல் அரசர் காலத்தில் கோயில் நிர்வாகத்துக்காக அறநிலையச் சட்டம் என்று ஒன்று உருவாகியிருந்தது இல்லையா, அதில் ஒரு திருத்தம். கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது பாருங்கள். கோயிலில் ஆடவும் பாடவும் கடமைப்பட்ட குடும்பங்களுக்கு இனாம் நிலம் உண்டு. நிலம் கையில் இருக்க வேண்டுமானால் அந்த ஊழியம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தத் தலைமுறையில் அம்மா செய்தால், அடுத்த தலைமுறையில் பெண்ணைப் பொட்டுக் கட்டினால்தான் நிலம் நிற்கும். கட்ட மறுத்தால் சோறு போகும். "இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்" என்று யார் வேண்டுமானாலும் மேடையில் பேசலாம், நிலம் போய்விடுமே என்ற பயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தத் திருத்தம் நிலத்தையும் ஊழியத்தையும் பிரித்தது. ஊழியத்துக்குப் பதிலாக ஒரு தீர்வை (நிலவரி) கட்டினால் போதும், நிலம் உங்களிடமே இருக்கும், மகளைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆக்கியது. தடை என்ற சொல்லே அதில் தேவைப்படவில்லை. கட்டிவைத்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார், அவ்வளவுதான்.

இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். புதிதாக ஒரு சமூகச் சட்டம் என்று கொண்டுபோயிருந்தால் "மதத்தில் கைவைக்கிறார்கள்" என்று கத்தியிருப்பார்கள். இவர் ஏற்கெனவே இருந்த ஒரு நிர்வாகச் சட்டத்துக்குள் புகுந்து நிலப் பிரச்சினையாக மாற்றினார். ஒரு டாக்டருக்கு இது எப்படித் தோன்றியது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

மூன்றாவது, 1930ல் அவர் கொண்டுவந்த மசோதா. பொட்டுக்கட்டுவதையே நேரடியாகத் தடுப்பது. அது சபையில் முடிவதற்குள் அவர் வெளியேறிவிட்டார், கொண்டுவந்தவர் இல்லாத தனிநபர் மசோதா அனாதைதான். பிறகு 1947ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்) தடைச் சட்டம் வந்தது. ஆக 1947 சட்டத்தை "இவர் நிறைவேற்றினார்" என்று மகள் பேசினால் தவறு. அதற்கான வழியை 1930க்குள்ளேயே போட்டுவைத்தார் என்று சொன்னால் சரி.

மாங்காய்த்தோப்பு:

ஜெமினி கணேசனுக்கு அத்தை இவர். அப்பாவுடைய அக்கா. சின்ன வயதில் அத்தை வீட்டில்தான் வளர்ந்தார் ஜெமினி. பேச்சுப் போட்டிக்கு உதவாது, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அப்புறம் அந்த சத்தியமூர்த்தி வசனத்தை விட்டுவிட்டீர்களே, தேவதாசி முறை வேண்டும் என்று சபையில் வாதாடிய அவரிடம் "அப்படியானால் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்" என்று இவர் சொன்னதாகச் சுற்றுமே, அதற்குத்தான் கைதட்டல் விழும்.

பழங்கணக்கு:

@மாங்காய்த்தோப்பு வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த வசனம் ஒவ்வொரு பகிர்விலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. சபைக் குறிப்பின் பக்கத்தைக் காட்டி யாராவது போட்டால் நானும் கைதட்டுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் வாட்ஸ்அப் வசனத்தை வைக்க வேண்டாம்.

சதிர்முற்றம்:

பழங்கணக்கு சொன்னது சரி, ஆனால் பாதி. மறுபாதியை நான் சொல்கிறேன், யாருக்கும் கோபம் வரக்கூடாது.

அன்றைக்கு இதை எதிர்த்தவர்கள் எல்லாரும் மைனர்களும் பழமைவாதிகளும் மட்டும் இல்லை. அந்தப் பெண்களே எதிர்த்தார்கள். சென்னையில் தேவதாசிகள் சங்கம் வைத்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தார், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பிய அதே நாகரத்தினம்மாள். அவர்கள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை: எங்களை எல்லாம் ஒரே சொல்லில் விபச்சாரிகள் என்கிறீர்களே, எங்கள் கலையையும் சொத்துரிமையையும் என்ன செய்யப்போகிறீர்கள்? அந்தக் காலத்தில் மற்ற வீட்டுப் பெண்களுக்கு இல்லாத உரிமை இவர்களுக்கு இருந்தது. சொத்து பெண் வழியில் போகும், பெண்ணைத் தத்தெடுக்கலாம், படிக்கலாம், சம்பாதிக்கலாம். நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்த பிறகு அது கடைசியில் வீட்டு ஆண்கள் கைக்குப் போனது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆட்டமும் போனது, வேறு வீட்டுப் பிள்ளைகள் பரதநாட்டியம் என்ற பெயரில் அதை மேடையேற்றினார்கள். சதிர் ஆடிய குடும்பங்களில் பல பேர் ஒதுங்கிப்போனார்கள்.

அதே சமயம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்துவிட்டு, இது ஒழிந்தே ஆக வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அதனால் "அந்தப் பெண்கள் எதிர்த்தார்கள்" என்று நான் ஒரே மூச்சில் சொன்னதும் சரியில்லைதான், அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

இன்னொன்று. முத்துலட்சுமியின் அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் வீட்டுப் பெண், தேவதாசிக் குடும்பங்கள் இருந்த சமூகம் அது. அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். ஆக, சபையில் எழுந்து பேசியவருக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை, அம்மா பிறந்த வீட்டு விஷயம். அதனால்தான் அவ்வளவு வேகம் என்று சிலர் சொல்வார்கள், அதனால்தான் எதிர்ப்பக்கத்தின் பேச்சைக் காதில் வாங்கவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் ராத்திரியில் புகலிடம் கேட்டுத் தன் வீட்டுக் கதவைத் தட்டிய பெண் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதிலிருந்து அவ்வை இல்லம் நடத்தியவர் அவர். சட்டம் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

காவேரிக்கரை:

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நாகரத்தினம்மாள் விஷயத்தை மகளிடம் சொன்னேன், "அப்போ யார் பக்கம் பேசறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நியமனம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. அதுதான் எனக்கு உறுத்துகிறது. மக்கள் ஓட்டுப் போடாத ஒருவர் யார் சார்பில் பேசினார்? சட்ட மேலவை என்பதால் நியமனமா?

கோட்டைவாசல்:

சட்டசபை நடவடிக்கைகளைப் பல வருடம் பத்திரிகைக்கு எழுதியவன், அந்த உரிமையில் நுழைகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். மேலவை என்று எழுதாதீர்கள், மகளையும் சொல்ல விடாதீர்கள். லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் என்ற பெயரைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். 1919ஆம் வருட இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாணத்துக்கு இருந்தது ஒரே ஒரு சபை, அதன் பெயர்தான் கவுன்சில். இரண்டு அவை வந்தது 1937ல். 1986ல் கலைக்கப்பட்ட மேலவை அந்தப் பின்னால் வந்தது. இவர் உட்கார்ந்தது சட்டம் செய்யும் ஒரே சபையில்.

அந்தச் சபையில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மீதிப் பேர் நியமனமும் பதவிவழி வந்தவர்களும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் மக்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டா அனுப்பினார்கள்? சொத்து, வரி என்று தகுதி வைத்திருந்தார்கள், ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டே கிடையாது. பெண்களுக்கு ஓட்டுரிமை 1921ல் கொடுத்தார்கள், அதுவும் அந்தச் சொத்துத் தகுதிக்குள். சபையில் உட்காரும் உரிமை 1926ல்தான் வந்தது. வந்த உடனேயே கமலாதேவி சட்டோபாத்யாய் தேர்தலில் நின்று பார்த்தார், மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அப்புறம்தான் இந்திய மாதர் சங்கம் அரசிடம் ஒரு பெண்ணையாவது நியமியுங்கள் என்று கேட்டது. முத்துலட்சுமிக்கு அரசியல் ஆசை ஒன்றும் இல்லை, மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர், லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய நேரம். 1927ல் சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவர் ஆக்கியது. நியமித்தது கவர்னர், துணைத் தலைவர் நாற்காலியைக் கொடுத்தது சபை. இந்த வித்தியாசத்தை மகள் சொன்னால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம் ஒரு நியமன உறுப்பினரின் பாடு என்ன என்று யோசியுங்கள். அவருக்குத் தொகுதி கிடையாது, கட்சிக் கொறடா கிடையாது, பின்னால் எண்ணிக்கை கிடையாது. அன்றைக்கு சுப்பராயன் மந்திரிசபை, அதற்கே சொந்தக் கட்சி பலம் இல்லை. 1926 தேர்தலில் அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி பதவி வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதால் சுயேச்சையாக அமைந்த ஆட்சி. ஒவ்வொரு ஓட்டையும் ஆளாகப் பார்த்துப் பேசித்தான் வாங்க வேண்டும். தனிநபர் மசோதா என்றால் அறிமுகத்துக்கே அனுமதி கேட்க வேண்டும், பொதுமக்கள் கருத்துக்குச் சுற்றுக்கு விடுவார்கள், தெரிவுக் குழுவுக்குப் போகும், திரும்பி வரும், நிறைவேறினால் கவர்னர் ஒப்புதல், அதற்கு மேலே வைஸ்ராய். இதில் எந்தப் படியிலும் மசோதா செத்துப்போகலாம், பெரும்பாலும் செத்துப்போகும். இன்றைக்கும் நம் சட்டமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தாலும் தனிநபர் மசோதா ஒன்றை நிறைவேற்றிக் காட்டுங்கள் பார்ப்போம். இவர் 1929 திருத்தத்தை இத்தனையும் தாண்டிக் கொண்டுவந்தார். நான் பார்த்த உறுப்பினர்களில் ஐந்து முறை ஜெயித்து வந்து மானியக் கோரிக்கையில் தலைவர் புகழ் பாடிவிட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. ஜெயித்த எண்ணிக்கையை வைத்து அளக்காதீர்கள் என்று சொல்ல வருகிறேன். கலைஞரைச் சொல்லவில்லை, அவர் கேள்வி நேரத்தில் நாற்காலி நுனியில் உட்காரவைப்பவர், அது வேறு ரகம்.

தேவதாசி ஒன்றுதான் அவர் வேலை என்றும் நினைக்காதீர்கள். திருமண வயதை உயர்த்தச் சொல்லிப் பேசினார் (சாரதா சட்டம் 1929ல் பெண்ணுக்கு 14 என்று வைத்தது, இவர் கேட்டது அதைவிட அதிகம்). குழந்தைகளுக்கென்று தனி மருத்துவ வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண் பிள்ளைகள் படிப்புக்குக் கட்டணச் சலுகை, எல்லாம் டாக்டர் கண்ணில் பட்டவை. கல்வியை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் இருந்த ஒரே பெண்ணும் இவர்தான். 1930 மே மாதம் காந்தியைக் கைது செய்ததும் துணைத் தலைவர் பதவியும் வேண்டாம், உறுப்பினர் பதவியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கையில் பாதியில் நிற்கும் மசோதா. எனக்கு அந்த இடம்தான் சங்கடம். அரசு கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு காந்தி சிறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் அந்த மசோதா 1947 வரை காத்திருந்திருக்குமா?

சதிர்முற்றம்:

@கோட்டைவாசல் அந்தக் கடைசிக் கேள்விக்கு என் பதில்: அப்போதும் காத்திருந்திருக்கும். 1937ல் ராஜாஜி மந்திரிசபை, சபையில் பெண்கள் இருந்தார்கள், ருக்மிணி லட்சுமிபதி துணை சபாநாயகர். அப்போதும் சட்டமாகவில்லையே. ஒரு ஆள் உள்ளே இருப்பதால் மட்டும் முடிகிற காரியம் இல்லை அது.

கோட்டைவாசல்:

இருக்கலாம். ஆனால் 1937ல் அவர் உள்ளே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொந்தரவு கொடுக்க ஆள் இல்லாவிட்டால் எந்த அரசும் தானாக அசையாது, இது அனுபவம்.

பழங்கணக்கு:

இந்தச் சண்டை இங்கே தீராது. @காவேரிக்கரை, இன்னும் தோண்ட வேண்டுமானால் அவரே எழுதிய புத்தகம் இருக்கிறது, ஆங்கிலத்தில், "மை எக்ஸ்பீரியன்ஸ் ஆஸ் எ லெஜிஸ்லேட்டர்" என்று, 1930ல் வெளிவந்தது. பதவியை விட்ட கையோடு என்ன செய்தேன் என்று கணக்கு எழுதி வைத்துவிட்டார். எத்தனை பேர் செய்கிறார்கள் அதை? நடை கொஞ்சம் வறட்சி, ஆனால் எந்தத் தீர்மானத்துக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அதுதான் சரியான இடம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954ல் 12 படுக்கையோடு தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், முப்பது வருடம் அதை விடாமல் துரத்தினார். ஆனால் அது டாக்டராகச் செய்தது, சட்டமன்ற உறுப்பினராக இல்லை. நாலு நிமிடம்தான் என்றால் விட்டுவிடுங்கள். எல்லாரும் அதைத்தான் பேசப்போகிறார்கள்.

காவேரிக்கரை:

மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "முதல் பெண்" பட்டியலை முழுக்க வெட்டிவிட்டாள், ஒன்றே ஒன்றை மட்டும் வைத்திருக்கிறாள். நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறாளாம், "உங்கள் வீட்டு நிலம் உங்களிடமே இருக்க வேண்டுமானால் உங்கள் மகளைக் கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று. நாகரத்தினம்மாள் கேட்ட கேள்வியை நடுவில் வைத்துவிட்டு, அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போகிறாள். நான் பதில் வேண்டாமா என்றேன், தெரியாததை எப்படிச் சொல்வது என்கிறாள். 1947ஐச் சரியாகச் சொல்கிறாள்.

ஒரே ஒரு சிக்கல். "இனாம் நிலம்" என்றால் கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரிப்பார்களாம், இலவசமாகக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார்களாம். அதற்கு வேறு சொல் இருக்கிறதா?

பழங்கணக்கு:

மானியம் என்று சொல்லலாம், ஆனால் அதற்கும் இப்போது கேஸ் சிலிண்டர் ஞாபகம்தான் வரும். "கோயில் வேலைக்காகக் கொடுத்த நிலம்" என்று நீட்டியே சொல்லச் சொல்லுங்கள், இரண்டு விநாடிதான் கூட ஆகும்.